இத்திரோ அழைத்து வந்தவர்கள்



திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் கடலோர வீதியில் நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்தால் திரியாய்ப் பகுதியை அடையலாம். ஒருபுறம் கடல், மறுபுறம் நெல்வயல். வாடைக்காற்று மழை கொண்டுவரும் மாதங்களில் பெரும்போக வயல் மனிதரை அழைக்கின்றது. கச்சான் வீசும் மாதங்களில் கடல் அழைக்கின்றது. அக்காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிப்பதால் நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்கள் கீழைக் கரைக்கு வந்து, வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். அவர்களுள் கத்தோலிக்கர் பலர். ஏறக்குறைய அரையாண்டு காலம் படகும் வலையும் இக்கரையில். பலருக்கு மனைவி மக்கள் அக்கரையில்.

1985இல் வன்முறையால் இடம்பெயர்ந்த ஊர் திரியாய். குடும்பங்களைப் போர் பிரித்த வேதனையை இம்மண் நன்கறியும். இன்று துப்பாக்கி பிரிக்காத குடும்பங்களைத் தொழில் பிரிக்கின்றது. வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்ற தாய்மார் உளர். பிள்ளை கண்விழிக்குமுன் புறப்பட்டு, அது உறங்கிய பின் வீடு திரும்பும் பெற்றோரும் உளர். ஏன் இவ்வாறு என்று கேட்டால், “குடும்பத்திற்காகவே உழைக்கிறோம்” என்பர். அது உண்மையே. ஆனால் உழைப்பின் பயன் வீட்டிற்கு வந்து, உழைத்தவர் வீட்டிற்கு வராமலே போய்விடுவதும் உண்டு.

விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரத்தை நிர்வாகப் பயிற்சி அளிப்போரும் எடுத்துக்காட்டுவர். காலை முதல் மாலை வரை தனியாளாய் நீதி வழங்கிய மோசேக்கு, மாமனார் இத்திரோ பணியைப் பகிர்ந்தளிக்கக் கற்பித்த பகுதி அது. ஆனால் அந்த அதிகாரம் தொடங்கும் விதத்தை நாம் கவனிப்பதில்லை. மோசே தம் மனைவி சிப்போராவை முன்னரே அனுப்பிவிட்டிருந்தார். இத்திரோ பாலைநிலத்திற்குத் தனியே வரவில்லை. மகளையும், பேரப்பிள்ளைகளான கேர்சோமையும் எலியேசரையும் உடன் அழைத்து வந்தார்.

மோசே மாமனாரை வணங்கி வரவேற்று, ஆண்டவர் செய்த அனைத்தையும் எடுத்துரைத்தார். மனைவியோடும் மக்களோடும் என்ன பேசினார் என்பதைத் திருநூல் கூறவில்லை. மறுநாள் காலையிலேயே நீதி இருக்கையில் அமர்ந்துவிட்டார். இதைக் கண்ட பின்னரே இத்திரோ, இது நல்லதன்று என்று கண்டித்தார்; ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மர் எனத் தலைவர்களை ஏற்படுத்தி, கடினமான வழக்குகளை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மோசே செய்தது இறைப்பணி. அப்பணிக்கே அளவு வேண்டுமெனில் நம் பணிக்கு வேண்டாமா? நீதி வழங்கும் பொறுப்பை எத்தனையோ பேரிடம் ஒப்படைக்க முடிந்தது. கேர்சோமுக்குத் தந்தையாயிருக்கும் பொறுப்பை எவரிடமும் ஒப்படைக்க முடியாது. நாம் விட்டுச்செல்லும் வேலைக்கு வேறோர் ஆள் வருவார். வீட்டில் நமது இடத்திற்கு வர எவருமில்லை.

வறுமையினால் பிரிந்திருப்போரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. புனித இரண்டாம் யோவான் பவுல் 14.09.1981 அன்று மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், ஊதியம் குடும்பத்தை அமைத்துப் பேணப் போதுமானதாயிருக்க வேண்டும் என்று கற்பித்தார். ஆகவே பொறுப்பு தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று. நமது நாட்டில் 1954ஆம் ஆண்டின் சட்டம் கடை, காரியாலய ஊழியர்க்கு நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்திற்கு 45 மணித்தியாலம் என வரம்பிட்டுள்ளது. அவ்வரம்பைத் தம் கடையில் மதிக்கிறாரா என்று ஒவ்வொரு கிறிஸ்தவ முதலாளியும் தம்மையே கேட்கட்டும். 2013இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்வதற்குத் தடை வந்தது. 2022இல் அவ்வயது எல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையை யார் பார்ப்பார் என்ற கேள்வி தாயிடமே கேட்கப்பட்டது. வெளிநாடு செல்லும் தந்தையிடம் அது கேட்கப்படவில்லை.

நாம் செய்யக் கூடியவை சில உண்டு. பிரிந்து செல்லுமுன், எந்தக் கடன் தீர்ந்ததும் திரும்புவது என்று கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். எல்லை குறிக்காத பயணம் நீண்டுகொண்டே போகும். தொலைபேசியில் பணம் கிடைத்ததா என்று மட்டும் கேளாது, பிள்ளையின் அன்றைய நாளைக் கேளுங்கள். ஊரிலிருப்போர் ஒருவேளை உணவையும் இரவுச் செபமாலையையும் சேர்ந்தே நிறைவேற்றுங்கள். ஞாயிறு திருப்பலிக்குக் குடும்பமாக வாருங்கள். தாயோ தந்தையோ தொலைவிலிருக்கும் இல்லங்களை உங்கள் அன்பியம் மறவாது சந்திக்கட்டும்.

இத்திரோவின் சொல்லுக்கு மோசே செவிசாய்த்தார். பின்னர் இத்திரோ தம் நாட்டிற்குத் திரும்பினார் என்று அந்த அதிகாரம் முடிகின்றது. மகளையும் பேரப்பிள்ளைகளையும் மீண்டும் அழைத்துச் சென்றதாக அங்கே எழுதப்படவில்லை. நாசரேத்தூர்த் தச்சர் புனித யோசேப்பு நம் இல்லங்களுக்காகப் பரிந்து பேசுவாராக.