முழு டேக்கா, சுருக்க டேக்கா?

செனாயில் ஒரு கடைக்கோ கோயிலுக்கோ அகப்பக்கம் செய்து தருபவர் அதைத் தம் மடிக்கணினியில் எழுதுகிறார். அது ஓடப்போவது வேறொருவரின் சர்வரில். அந்த சர்வர் இதே கூலாய் மாவட்டத்துச் செடெனாக்கில் இருக்கலாம், சிங்கப்பூரிலும் இருக்கலாம். எங்கே இருந்தாலும் அதன் அமைப்புகளை வைத்தவர் நாம் அல்ல. பிஎச்பி டெம்ப்ளேட்டில் எந்த டேக்கைப் போடுவது என்று முடிவு செய்யும்போது இதைத்தான் முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

பிஎச்பி கோப்பில் எச்டிஎம்எல்லும் நிரலும் கலந்தே இருக்கும். நிரல் எங்கே தொடங்குகிறது என்று சர்வருக்குக் காட்டுவது திறப்பு டேக். இன்று மூன்று வகை புழக்கத்தில் உண்டு. <? என்ற குறியை ஒட்டி மொழியின் பெயரான மூன்று எழுத்துகளையும் எழுதினால் முழு டேக். பெயரை விட்டுவிட்டு <? மட்டும் எழுதினால் சுருக்க டேக். சமக்குறி சேர்த்து <?= என்று எழுதினால், ஒரு மதிப்பைப் பக்கத்தில் அச்சிடும் டேக்.

முழு டேக் எந்த பிஎச்பி சர்வரிலும் வேலை செய்யும். அச்சிடும் டேக்கும் 2012-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து எப்போதும் வேலை செய்யும். அமைப்பு எதுவானாலும் பரவாயில்லை. வெறும் <? அப்படி இல்லை. சர்வரின் அமைப்புக் கோப்பில் அதற்கென ஒரு சுவிட்ச் இருக்கிறது. பிஎச்பியோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்புகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. சில நிறுவனங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்காக அதைத் திறந்து வைத்திருக்கும். வேறு சில திறப்பதில்லை.

சுவிட்ச் அணைந்திருந்தால் என்ன ஆகும்? பிழைச் செய்தி வருமென்று பலர் நினைக்கிறார்கள். வராது, அதுதான் ஆபத்து. சர்வருக்கு அது நிரலாகவே தெரிவதில்லை. வெறும் எழுத்தென்று எடுத்துக்கொண்டு, பார்வையாளரின் உலாவிக்கு அப்படியே அனுப்பிவிடும். உலாவியோ <? என்று தொடங்குவதை ஒரு குறிப்பாகக் கருதி, முதலில் வரும் > குறி வரை மறைத்துவிடும். பிஎச்பியில் -> என்ற அம்புக்குறி அடிக்கடி வரும். அந்த இடத்தோடு மறைப்பு முடிந்து, மிச்ச நிரல் பக்கத்தில் கொட்டிக் கிடக்கும். அம்பு இல்லாத கோப்பு இன்னும் மோசம்: பக்கம் வெறுமையாகத் தெரியும், ஆனால் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். அது தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்பாக இருந்தால், கடவுச்சொல் ஊருக்கே போய்விட்டது என்று பொருள்.

சுவிட்ச் திறந்திருந்தாலும் தொல்லை தீராது. எக்ஸ்எம்எல் கோப்பின் முதல் வரியும் <? என்றே தொடங்குகிறது. செய்தியோடையை பிஎச்பி வழியாக உருவாக்கும்போது, சர்வர் அந்த வரியை நிரலென்று எண்ணிப் பிழை காட்டி நின்றுவிடும்.

பிஎச்பி 7.0 வந்தபோது, மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி பாணியிலான <% டேக்கை நீக்கிவிட்டார்கள். வெறும் <? டேக்கையும் கைவிடலாமா என்று 2019-இல் வாக்கெடுப்பு நடந்தது. பழைய நிரல்கள் உடைந்துபோகும் என்ற கவலையும் எழுந்தது, கடைசியில் அது தப்பியது. ஆனால் பிஎஸ்ஆர்-1 என்ற பொது எழுத்து நெறி முழு டேக்கையும் <?= டேக்கையும் மட்டுமே ஏற்கிறது. வேர்ட்பிரஸ் இன்னும் கண்டிப்பு: முழு டேக் மட்டும்தான். வேர்ட்பிரஸுக்குத் தீம் எழுதுபவர் அதையே பின்பற்றட்டும்.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு இது. நிரலுக்கு முழு டேக், அச்சிட <?=. ஒரு டெம்ப்ளேட்டில் பெயர், விலை, தேதி என்று ஐம்பது இடத்தில் மதிப்பு அச்சாகும்; அங்கெல்லாம் முழு டேக்கும் எக்கோ கட்டளையும் எழுதினால் எச்டிஎம்எல் கண்ணுக்கே தெரியாது. படிக்க எளிதாக இருப்பதும் ஒரு பாதுகாப்புதான், பிழை சீக்கிரம் கண்ணில் படும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. <?= எதையும் வடிகட்டாது, கொடுத்ததை அப்படியே அச்சிடும். வாடிக்கையாளர் படிவத்தில் தட்டியதைக் காட்டும் இடத்தில், எச்டிஎம்எல் குறிகளைச் செயலிழக்கச் செய்யும் ஃபங்ஷன் வழியாகவே அனுப்ப வேண்டும். லாராவெல்லின் பிளேட் டெம்ப்ளேட்டில் இரட்டை நெளிவு அடைப்பு அந்த வேலையைத் தானே செய்துவிடும்.

பழைய தளத்தை வேறு சர்வருக்கு மாற்றப்போகிறீர்களா? மாற்றுவதற்கு முன் எல்லாக் கோப்புகளிலும் வெறும் <? இருக்கிறதா என்று தேடி, முழு டேக்காக மாற்றிவிடுங்கள். பிஎச்பி கோட்ஸ்னிஃபர் போன்ற இலவசக் கருவி இருந்தால் ஒரு கோப்பும் விடுபடாது. தரவுத்தள இணைப்புக் கோப்பிலிருந்து தொடங்குங்கள்.