உப்பின் கணக்கும் பொறியாளரின் கையெழுத்தும்

பருத்திப் பின்னல் துணிக்குக் கருப்பு, நேவி ப்ளூ போன்ற அடர் நிறம் ஏற்ற ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பாவது வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை இழைக்குள் தள்ளுவது அந்த உப்புதான். வேலை முடிந்ததும் சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு தங்காது, போட்டதெல்லாம் கழிவுநீரோடு வெளியே வரும். திருப்பூர் சாயப்பட்டறையில் சில மாதம் வேலை பார்த்தவர்களுக்கே தெரிந்த கணக்கு இது. ஆனால் 1990-களின் பிற்பகுதியில் இங்கே எழுந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் வடிவமைப்பில் இந்த உப்புக்கு வழி சொல்லப்படவே இல்லை. திருப்பூர் அதற்குக் கொடுத்த விலை பெரிது. பொறியாளரின் பொறுப்பைப் பற்றிப் பேச இதைவிடத் தெளிவான பாடம் தமிழ்நாட்டில் இல்லை.

அன்று

நொய்யல் ஆற்றில் சாயநீர் கலப்பதை எதிர்த்துக் கரூர் பகுதிப் பாசன விவசாயிகள் 1990-களிலேயே நீதிமன்றம் போனார்கள். சுத்திகரிக்காமல் தண்ணீரை விடக்கூடாது என்று 1998-இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்புடன் சொன்ன பிறகு, பட்டறைகள் கூட்டாகச் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. அங்கே நடந்தது இதுதான்: கழிவுநீரில் சுண்ணாம்பும் பெர்ரஸ் சல்பேட்டும் கலப்பார்கள். சாயம் திரண்டு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை வெளியே விடுவார்கள். படிந்த கசடை மூட்டை கட்டி அடுக்குவார்கள்.

தண்ணீரின் நிறம் குறைந்தது, உப்பு அப்படியே போனது. வெளியேறும் நீரில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு அப்போதே இருந்தது. சுண்ணாம்புச் சுத்திகரிப்பு கரைந்த உப்பை நீக்காது என்பதும் பொறியியல் பாடப்புத்தகத்தில் இருக்கும் செய்திதான். ஆக, நிலையம் ஓடத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அது வரம்புக்குள் வராது என்பதைக் கணக்குப் போட்டே சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை? அன்றைய நடைமுறையில் ஆலோசனைப் பொறியாளரின் வேலை குறுகிய எல்லைக்குள் இருந்தது. நிலையத்தின் கொள்ளளவைக் கேட்டுக்கொண்டு வரைபடம் போடுவார், இயந்திரங்களைப் பரிந்துரைப்பார், கட்டணம் வாங்கிக்கொள்வார். பணம் கொடுப்பது பட்டறைக்காரர்கள். எனவே அவர்கள் கேட்டதை, அவர்கள் தாங்கும் விலைக்குள் கொடுப்பதே கடமை என்ற எண்ணம் ஊறியிருந்தது. தனியொருவர் தலையில் கட்டும் குற்றமில்லை இது. பட்டறைகளுக்குச் செலவு குறைய வேண்டும், அரசுத் துறைகளுக்கு ஏதாவது ஒரு நிலையம் கட்டி முடிந்தால் போதும். இருபுறமும் இப்படி இருக்க, நடுவில் நின்ற பொறியாளர் 'இது போதாது' என்று எழுத்தில் சொல்ல வேண்டிய இடம் வெற்றிடமாகவே இருந்தது.

விளைவு ஆற்றின் கீழ்ப்பகுதியில் தெரிந்தது. சென்னிமலைக்கு அருகே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, ஈரோடு, கரூர் மாவட்டங்களில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தர வேண்டிய அணை. அது சாயநீர்த் தேக்கமானது. அணையைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்க வேண்டாம் என்று போராடினார்கள். கிணறுகள் உவர்த்தன. மண் கெட்டது. பாதிக்கப்பட்ட 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு 24 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கணக்கிடப்பட்டது. அந்த விவசாயிகளில் ஒருவர்கூட எந்தப் பொறியாளருக்கும் கட்டணம் கொடுத்தவரில்லை, எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவரில்லை. ஆனால் வரைபடத்தின் பிழையை முழுதாகச் சுமந்தவர்கள் அவர்கள்தான்.

திருப்பம்

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் நம் சட்டத்தின் பகுதியாக்கியிருந்தது. அதன் வழியில் 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்புக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அதுவரை வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மூன்று மாதக் கெடு வைத்தது. அதற்குள்ளும் வேலை முடியாமல் போக, 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியில் நின்றன. சாயம் நின்றால் நிட்டிங் நிற்கும், கட்டிங் நிற்கும், தையல் நிற்கும். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் பெட்டி கட்டின.

இந்த நெடிய வழக்கில் பதில் சொன்னவர்கள் பட்டறை உரிமையாளர்களும் அரசுத் துறைகளும். சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைத்தவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

இன்று

மூடலுக்குப் பிறகு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. அருள்புரம் நிலையத்தில், பிரித்தெடுத்த உப்பு நீரையே மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தும் முறை ஓட்டிக் காட்டப்பட்டது. இன்று திருப்பூரின் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீரை வெளியே விடாத முறையில் இயங்க வேண்டியவை. வரும் நீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டியில் சுத்தமாகிறது. பிறகு ஆர்.ஓ. சவ்வுகள் நல்ல நீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகின்றன. மிஞ்சும் அடர்ந்த உப்பு நீர் எவாப்பரேட்டரில் கொதித்துச் சுண்டி, உப்பாகப் படிகிறது. ஓட்டத்தை ஆன்லைன் மீட்டர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்கின்றன.

இப்படிப்பட்ட நிலையத்தின் தலையெழுத்து, வடிவமைப்பு அறிக்கையின் முதல் சில பக்கங்களில் உள்ள ஓர் அட்டவணையில் இருக்கிறது. நாளொன்றுக்கு எவ்வளவு நீர் வரும், அதில் உப்பு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு என்ற எண்கள் அவை. உப்பின் அளவைக் குறைத்துப் போட்டால் எவாப்பரேட்டர் சிறியதாகும், மதிப்பீடு மலிவாகும், ஆர்டரும் கைக்கு வரும். ஆனால் அடர் நிற ஆர்டர்கள் குவியும் மாதத்தில் உண்மையான உப்பு அந்த எண்ணைத் தாண்டும். எவாப்பரேட்டர் ஈடுகொடுக்காது. உப்பு நீர் தொட்டியில் தேங்கும். தொட்டி நிரம்பினால் அடுத்து என்ன நடக்கும் என்பது, மழை பெய்ததும் நொய்யலில் நுரை பொங்குவதைப் பார்த்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரவில் வால்வைத் திறந்தவர் ஓர் ஆபரேட்டராக இருக்கலாம். அந்த இரவுக்கு அடித்தளம் போட்டது அட்டவணையில் எழுதிய எண்.

இன்றைய நல்ல ஒப்பந்தங்கள் இதை உணர்ந்தே எழுதப்படுகின்றன. முழுச் சுமையில் ஓட்டிக் காட்ட வேண்டும், காட்டும்வரை கட்டணத்தின் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்படும், உறுதியளித்த அளவு வராவிட்டால் இழப்பீடு உண்டு. இது அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு. ஆனால் இந்தப் பாதுகாப்பு, ஒப்பந்தம் எழுதத் தெரிந்தவருக்கு மட்டுமே கிடைக்கிறது. வாரியம் அனுமதி கொடுப்பதும் பிடிப்பதும் உரிமையாளரைத்தான்.

கட்டடங்களின் விஷயத்தில் நிலைமை ஓரளவு முன்னேறியிருக்கிறது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் வந்த 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், கட்டமைப்புப் பொறியாளர், மண் பரிசோதனைப் பொறியாளர் போன்றோர் பதிவு பெற்றிருக்க வேண்டும், தம் பெயரில் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. பின்னலாடைத் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான பாடம் வங்கதேசத்தில் நடந்தது. 2013 ஏப்ரல் 23 அன்று ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் கண்டதும், உரிமையாளர் அழைத்து வந்த பொறியாளர், இது ஆபத்தானது என்று சொன்னார். கீழ்த்தளத்தில் இருந்த வங்கி ஊழியர்களை அனுப்பிவிட்டது. ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் உள்ளே வரவழைக்கப்பட்டார்கள். கட்டடம் சரிந்து 1,134 பேர் மாண்டார்கள். எச்சரித்த அதே பொறியாளர், முன்னர் கூடுதல் மாடிகள் கட்ட உதவியதாக எழுந்த சந்தேகத்தின் பேரில் பின்னர் கைதானார். கடைசி நாளில் சொன்ன உண்மை, முதல் நாளில் கொடுத்த சம்மதத்தை அழிப்பதில்லை.

செய்ய வேண்டியது

கட்டடக் கலைஞர்களுக்கு 1972-இலேயே நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. பொறியாளர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதனால் பொறுப்பே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். தனக்கு உண்டு என்று சொல்லிக்கொண்ட திறமை இல்லாதிருப்பதும், இருக்கும் திறமையை உரிய கவனத்தோடு பயன்படுத்தாதிருப்பதும் தொழில்முறையாளரின் அலட்சியம் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. மருத்துவர் வழக்கில் சொன்னாலும் தொழில்முறையாளர் எல்லோரையும் மனத்தில் வைத்தே அந்த அளவுகோலைச் சொன்னது. ஒப்பந்தச் சட்டத்தில் இழப்பீடு கேட்கலாம். அலட்சியத்தால் உயிர் போனால் குற்ற வழக்கே வரும்.

எனவே பட்டறை உரிமையாளர்களுக்கு: வடிவமைப்பு அட்டவணையில் பொறியாளரின் பெயரும் கையெழுத்தும் தேதியும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த எண்கள் உங்கள் பட்டறையின் ஓராண்டு உப்புக் கொள்முதலோடு ஒத்துப்போகின்றனவா என்று உங்கள் கணக்கரை வைத்தே பாருங்கள். பொறியாளரிடம் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். அது வேலை நடந்த ஆண்டுக்கு மட்டும் இருந்தால் வழக்கமாகப் போதாது. இழப்பீடு கோரும் நாளிலும் நடப்பில் இருக்க வேண்டும்.

இளம் பொறியாளர்களுக்கு: போதாது என்று தெரிந்தால் எழுத்தில் சொல்லுங்கள். ஆர்டர் கை நழுவினாலும் சொல்லுங்கள். உங்களுக்குக் கட்டணம் கொடுப்பவர் திருப்பூரில் இருக்கலாம், உங்கள் கணக்கை நம்பி வாழ்பவர் கரூரில் கிணறு வைத்திருக்கிறார்.

அரசுக்கு: கட்டடத்துக்குக் கேட்கும் பதிவு பெற்ற கையெழுத்தைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் கட்டாயமாக்குங்கள். நிலையம் தவறினால் உரிமையாளரோடு வடிவமைத்தவரும் வந்து பதில் சொல்லட்டும். 2011-இல் திருப்பூர் பட்ட பாட்டுக்குப் பிறகு இதைவிடக் குறைவாகக் கேட்பது நியாயமில்லை.