வட்டத்தைச் சதுரமாக்க முடியுமா?

கவராயத்தால் ஒரு வட்டம் வரையுங்கள். அந்த வட்டத்தின் பரப்பளவுக்குச் சரிசமமான பரப்பளவுள்ள ஒரு சதுரத்தை இப்போது வரைய வேண்டும். கவராயத்தையும் அளவுக்குறிகள் இல்லாத நேர்கோலையும் மட்டுமே பயன்படுத்தலாம்.

பெக்கோக்கில் ஒரு வகுப்பில் இக்கணக்கைக் கொடுத்தால் பலரும் முதலில் கணிப்பானைத்தான் தேடுவர். ஆரம் 7 செ.மீ. எனில், பரப்பளவு 154 சதுர செ.மீ.; சதுரத்தின் பக்கம் ஏறக்குறைய 12.4 செ.மீ. கணக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால், நாம் பயன்படுத்திய 22/7 என்பது பையின் சரியான மதிப்பன்று. அதற்கு நெருக்கமான மதிப்புதான். கேட்கப்பட்டதோ சரிசமமான சதுரம்.

இந்தக் கணக்கு மிகப் பழைமையானது. இந்தியாவில் வேள்விக்குண்டங்களில் ஒன்று வட்டமாகவும் மற்றொன்று சதுரமாகவும், ஆனால் ஒரே பரப்பளவில் அமைய வேண்டியிருந்தது. அதற்குத் தோராயமான வழிகளைச் சுல்ப சூத்திரங்கள் கூறின. கிரேக்க அறிஞர் அனக்சாகரஸ் சிறையில் இருந்தபோது இக்கணக்கில் ஈடுபட்டார் என்று புளூடார்க் எழுதியுள்ளார். கியோஸ் தீவைச் சேர்ந்த இப்போக்கிரட்டீஸ், வளைகோடுகளால் ஆன சில பிறை வடிவங்களுக்குச் சரிசமமான பரப்பளவுள்ள நேர்க்கோட்டு உருவங்களைக் கண்டுபிடித்தார். பிறைக்கு முடிந்தது வட்டத்திற்கு முடியாதா? இந்த நம்பிக்கையே பின்வந்தோரை நூற்றாண்டுக் கணக்கில் அலைய வைத்தது எனலாம். விடை கண்டதாகக் கூறிப் பலரும் தாள்களை அனுப்பிக்கொண்டே இருந்ததால், அவற்றை இனி ஆராய்வதில்லை என 1775இல் பாரிஸ் அறிவியல் கழகம் முடிவெடுத்தது.

முடியவில்லை என்பது வேறு, முடியாது என்று நிறுவுவது வேறு. இரண்டாவதுதான் கடினம். கவராயத்தாலும் நேர்கோலாலும் எந்தெந்த நீளங்களை வரையலாம்? கொடுக்கப்பட்ட நீளங்களைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம், வர்க்கமூலம் காணலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலாது. இதனை 1837இல் பிரான்சு நாட்டின் வான்ட்செல் தெளிவுபடுத்தினார். இவ்வாறு கிடைக்கும் எந்த எண்ணும் முழு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட ஒரு சமன்பாட்டின் தீர்வாக இருக்கும். 2இன் வர்க்கமூலம், ஓர் எண்ணின் வர்க்கம் 2 என்னும் சமன்பாட்டின் தீர்வாக இருப்பதைப் போல. பை அத்தகைய எந்தச் சமன்பாட்டுக்கும் தீர்வாகாது என்பதை 1882இல் ஜெர்மானியக் கணித அறிஞர் லிண்டெமன் நிறுவினார். எனவே, அந்தச் சதுரத்தை வரையவே முடியாது.

ஆனாலும் முயற்சிகள் நிற்கவில்லை! 1897இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஒரு மருத்துவர் கண்ட தவறான வழியை ஏற்கும் மசோதாவைக் கீழவை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. வேறு வேலையாக அங்கு வந்திருந்த ஒரு கணிதப் பேராசிரியர் பிழையை எடுத்துரைத்தார். மேலவை மசோதாவை ஒத்திவைத்தது.

இனி, ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜனிடம் வருவோம். 1912இல் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகப் பணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ‘வட்டத்தைச் சதுரமாக்கல்’ என்னும் பொருளில் அவருடைய சிறு கட்டுரை ஒன்று வெளிவந்தது. சரிசமமான சதுரத்தைக் கண்டுவிட்டதாக அவர் அதில் கூறவில்லை. விட்டத்தின் ஒரு பாதியை இரண்டாகவும் மறுபாதியை மூன்றாகவும் பிரித்து, சில இணைகோடுகளை வரைந்து, பையின் மதிப்பு 355/113 ஆக அமையும் ஒரு சதுரத்தை உருவாக்கிக் காட்டினார். இம்மதிப்பு ஆறு தசம இடங்கள் வரை சரியானது.

எவ்வளவு நெருக்கம் என்பதையும் அவரே விளக்கினார். வட்டத்தின் பரப்பளவு 1,40,000 சதுர மைலாக இருந்தாலும், சதுரத்தின் பக்கம் இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ ஓர் அங்குலமே மிகும் என்றார். அந்த வட்டம் நம் மலேசியாவின் மொத்த நிலப்பரப்பை விடச் சற்றுப் பெரியது. சதுரத்தின் பக்கமோ ஏறக்குறைய 602 கிலோமீட்டர். பெக்கோக்கிலிருந்து வடமேற்கே நேர்க்கோடாக வரைந்தால் பெர்லிஸ் எல்லையையும் கடந்துவிடும். அவ்வளவு நீண்ட கோட்டில் இராமானுஜனின் பிழை இரண்டரை சென்டிமீட்டர்தான்.