இரண்டு அங்குலச் சாப்பாடும் அத்திப்பள்ளி எல்லையும்

மினியேச்சர் செய்பவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம்: ஒரு அடி என்றால் ஒரு அங்குலம். இரண்டடித் தலைவாழை இலை இரண்டு அங்குலமாகிவிடும், மூன்று அங்குல இட்லி கால் அங்குலமாகும். சோற்றுப் பருக்கை ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. பாலிமர் களிமண்ணில் உருட்டிய இட்லியைப் பழைய டூத்பிரஷ்ஷால் ஒத்தி எடுத்தால் ஆவியில் வெந்த தோல் வந்துவிடும். சாம்பாருக்குச் சாயம் கலந்த ரெசின். பிறகு பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டில், பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரிக்குள், ஓவனில் சுட வேண்டும். சூடு மீறினால் களிமண் கருகி, கெட்ட புகையைக் கிளப்பும். அதனால் சமையலுக்கு வைத்திருக்கும் ஓவனில் இந்த வேலை வேண்டாம்.

ஓசூரில் வீட்டிலிருந்தபடி இதைச் செய்கிறீர்கள், தொழிலாக்க நினைக்கிறீர்கள் என்றால், முதலில் காதில் விழப்போவது "இத்தனூண்டுக்கு இவ்வளவு விலையா?" என்பதுதான். வாங்குபவர் அளவைப் பார்த்து விலை சொல்வார். நீங்கள் நேரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓர் இலைச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 ரூபாய் கூலி போட்டால் 240. பொருள் 60. பத்தில் ஒன்று உடையும், கருகும், அதற்கு 30. டப்பாவுக்கும் பஞ்சுக்கும் 40. ஆக 370 ரூபாய், இன்னும் லாபம் சேரவில்லை. கடையில் வைத்து விற்று, கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் 555 ரூபாய் போட்டால்தான் இந்த 370 கைக்கு வரும். "தெரிஞ்சவங்கதானே" என்று 250-க்குக் கொடுத்தால் உங்கள் கூலி மணிக்கு 40 ரூபாய். அன்பளிப்பாகக் கொடுப்பதானால் சும்மாவே கொடுத்துவிடலாம். பாதி விலைக்குப் பழக்கிய பிறகு முழு விலைக்கு ஏற்றுவது பெரும்பாடு.

ஓசூருக்கென்று ஒரு வசதி உண்டு. நம் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன, மூன்று வீட்டிலும் பொம்மை அடுக்குகிறார்கள். நமக்குக் கொலு, தெலுங்கில் பொம்மல கொலுவு, கன்னடத்தில் கொம்பெ ஹப்பா. தெலுங்கு வீடுகள் சிலவற்றில் சங்கராந்திக்கும் அடுக்குவதால் தை மாதத்திலும் கொஞ்சம் ஓடும். நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. சிப்காட் கம்பெனிகள் பரிசுப் பொருள் தேடும் நேரம் அது. குட்டி லேத்தும் பட்டறை மேசையும் நல்ல பரிசாகும். ஆனால் ஒரு கம்பெனியின் வண்டியை அதன் சின்னத்தோடு செய்து நீங்களாக விற்பது வணிகமுத்திரைச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அந்தக் கம்பெனியே ஆர்டர் கொடுத்தால் பிரச்சினை இல்லை. புரட்டாசியில் விற்க ஆடியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

மரச் சொப்புச் சாமான் பக்கம் போவதானால் யோசித்துப் போங்கள். அம்பாசமுத்திரத்திலும் சென்னபட்டணத்திலும் அது தலைமுறைத் தொழில். கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி ஏறும். தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சென்னபட்டணப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருப்பதால், ஓசூரில் செய்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது.

இனி எல்லை. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, வேறு மாநிலம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மாநிலம் தாண்டி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்பது பொது விதி. கைவினைப் பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு: அறிவிக்கப்பட்ட பட்டியலில் உங்கள் பொருள் இருந்து, பெரும்பாலும் கையால் செய்ததாகவும் இருந்தால், 20 லட்சம் வரை பதிவில்லாமல் பெங்களூருக்கு விற்கலாம். பான் எண் வேண்டும். சரக்கு 500 ரூபாயே ஆனாலும் இ-வே பில் வேண்டும். 50,000 ரூபாய் வரம்பு இங்கே செல்லாது. பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

அமேசான் போன்ற தளங்களில் கதை வேறு. பதிவில்லாதவர்கள் 2023 அக்டோபர் முதல் அவற்றில் விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கு அனுப்பலாம், பக்கத்திலிருக்கும் அத்திப்பள்ளிக்கு அனுப்பக் கூடாது! பெங்களூர் வாடிக்கையாளர்தான் உங்கள் சந்தை என்றால், தளத்தில் ஏறும் முன் பதிவு செய்துகொள்வது உத்தமம்.

டப்பாவில் பொம்மை என்று எழுதுகிறீர்களா, அலங்காரப் பொருள் என்று எழுதுகிறீர்களா என்பதையும் கவனியுங்கள். 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொருளுக்கு விலக்கு இருக்கிறது, அதனால் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது நல்லது. உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல. கடன் வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்: 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். வயது 35 ஆகியிருக்க வேண்டும்.

அலங்காரப் பொருளாக விற்றாலும், கால் அங்குல இட்லியைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்காது. டப்பாவின் மேல் அந்த எச்சரிக்கையைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அச்சடித்துவிடுங்கள்.