டச்சு வெள்ளித் தேக்கரண்டி

விலங்குருவ டச்சு வெள்ளித் தேக்கரண்டிகள் என்பவை காம்பின் நுனியில் பசு, குதிரை, சிங்கம் போன்ற உருவங்களைக் கொண்ட சிறு கரண்டிகள் ஆகும். பழம்பொருள் சேகரிப்போர் இவற்றை விரும்பித் திரட்டுகின்றனர். நெதர்லாந்தில் வெள்ளி வேலைக்குப் பெயர்பெற்ற ஸ்கோன்ஹோவன் நகரில் வெள்ளிப் பொருட்களுக்கான அருங்காட்சியகம் உள்ளது.

காலத்தை அறிதல்

வேலைப்பாட்டை மட்டும் கொண்டு கரண்டியின் காலத்தைக் கணிக்க இயலாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 17, 18ஆம் நூற்றாண்டுப் பாணியைப் பின்பற்றிப் பல வெள்ளிப் பொருட்கள் செய்யப்பட்டன. செருமனியின் ஹனாவு நகரப் பட்டறைகள் பழைய முத்திரைகளை ஒத்த போலி முத்திரைகளையும் இட்டன. எனவே முத்திரைகளை ஆராய்தல் இன்றியமையாதது.

நெதர்லாந்தில் 1814 முதல் 1953 வரை, ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி கொண்ட சிறு பொருட்களுக்கு வாள் வடிவ முத்திரை இடப்பட்டது. ஆகவே அம்முத்திரை மட்டுமே உள்ள கரண்டி, தோற்றத்தில் பழமையானதாயினும், 1814க்குப் பிற்பட்டது எனக் கொள்ளலாம்.