நடைக்குத் துணையாக ஒரு சிறு கேமரா

டேராடூனில் பணியாற்றிய ஆண்டுகளில், மாதத்தில் ஒரு ஞாயிறேனும் மசூரிக்கு மேலேயுள்ள லண்டூருக்குச் செல்வது எமது வழக்கம். சார் துக்கானில் தேநீர் அருந்திவிட்டு, தேவதாரு மரங்களுக்கிடையே லால் டிப்பா வழியாகச் சுற்றிவரும் சாலையில் நடப்போம். 'சக்கர்' என்பது அதற்கு உள்ளூர்ப் பெயர்.

ஒரு டிசம்பரில் எமது தந்தையாரும் உடன் நடந்தார். அன்று மாலை, 'விண்டர்லைன்' எனப்படும் குளிர்காலக் கோடு தெளிவாகத் தோன்றியது. கதிரவன் மறைந்தபின் மேற்கு வானில், உண்மைத் தொடுவானுக்கு மேலே இன்னொரு தொடுவான் வரைந்தாற்போல் செம்மஞ்சளும் ஊதாவும் கலந்து நீளும் காட்சி அது. தந்தையார் கைத்தடியை ஊன்றி நெடுநேரம் நின்றார். எமது பெரிய எஸ்.எல்.ஆர். கேமராவோ வீட்டு அலமாரியில் இருந்தது. இரண்டு லென்சுகளுடன் அதன் எடை இரண்டு கிலோவுக்கு மேல். பன்னிரண்டு தவணைகளில் ஏழு இன்னும் செலுத்த வேண்டியிருந்தது. அதைத் தோளில் சுமப்பதை மூன்றாம் மாதத்திலேயே நிறுத்திவிட்டோம்.

கைப்பேசியில் ஒரு படம் எடுத்தோம். அடுத்த ஆண்டு தந்தையார் மறைந்தபின் அதைப் பெரிதாக்கக் கொடுத்தபோது, அஞ்சலட்டை அளவுக்கு மேல் சென்றால் முகம் புள்ளிகளாகச் சிதறிவிடும் என்றார் ஸ்டுடியோக்காரர்.

எனவே, நடைக்கான கேமராவுக்கு எமது முதல் விதி எடை பற்றியது. சட்டைப்பையிலோ கோட்டுப்பையிலோ அடங்க வேண்டும். 300 கிராமுக்கு மிகாதிருப்பது நலம். இரண்டாவது, ஒளியை ஏற்கும் சென்சாரின் பரப்பு. விளம்பரங்கள் மெகாபிக்சலையே உரக்கச் சொல்லும். மலையோர மாலையில் அது பெரிதும் உதவாது. மலிவான சிறு கேமராக்களில் சென்சார் ஏறத்தாழ 6.2 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. அகலமும் கொண்டது. 'ஓர் அங்குலம்' என்று விற்கப்படும் வகையில் அது 13.2க்கு 8.8 மி.மீ.; பரப்பில் நான்கு மடங்கு. அளந்து பார்த்தால் அதில் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இராது என்பது வேறு. பத்து விழுக்காடு 'ஃப்ளாட்' வட்டி எனக் கேட்டு மகிழ்ந்தவர், ஓராண்டு மாதத்தவணைக் கணக்கில் அது பதினெட்டை நெருங்குவதைப் பின்னர் அறிவதுபோல, இங்கும் பெயர் வேறு, அளவு வேறு.

மூன்றாவது ஜூம். இங்குதான் பலரும் தடுமாறுகின்றனர், நாமும் தடுமாறினோம். 2012இல் வந்த சோனி ஆர்.எக்ஸ். 100, பேட்டரியுடன் 240 கிராம். அகலக் கோணத்தில் அதன் லென்சு எஃப் 1.8 வரை திறக்கும். அதே வரிசையின் ஏழாம் பதிப்பு 200 மி.மீ.க்கு இணையான தொலைவை எட்டும். ஆனால் எஃப் 2.8க்கு மேல் திறவாது. முன்னது ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். லால் டிப்பாவிலிருந்து பந்தர்பூஞ்ச் சிகரத்தை அருகில் காட்ட வேண்டுமாயின் ஜூம் தேவை. அந்தியில் உடன் நடப்பவரின் முகம் வேண்டுமாயின் ஒளி தேவை. ரிகோ ஜி.ஆர். 3 வேறு வழியில் சென்றது: ஜூமே இல்லை, 257 கிராம் உடலுக்குள் எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கு நிகரான சென்சார். ஆயினும் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லாததால், உச்சிவெயிலில் திரை சற்றே வெளிறித் தோன்றும். மழைக்காலத்தில் நடப்போருக்கு ஒலிம்பஸ் டி.ஜி. 6 போன்ற நீர்புகாக் கருவி ஏற்றது. சென்சார் சிறியதே, ஆனால் பூக்களையும் பூச்சிகளையும் ஒரு செ.மீ. நெருக்கத்தில் படம்பிடிக்கும்.

இன்றைய கைப்பேசிகள் போதாவோ எனச் சிலர் கேட்கக்கூடும். பகலில் பெரும்பாலும் போதும். இருளில் அவை பல படங்களை ஒன்றாக இணைத்துத் தருவதால், அசையும் இலையும் திரும்பும் முகமும் மெழுகியதுபோல் ஆகிவிடுவதுண்டு.

வாங்கும் முறையைப் பற்றியும், எமது தொழில் காரணமாக, ஒரு சொல். 'வட்டியில்லாத் தவணை' என்ற அறிவிப்பைக் கண்டால் மொத்தப் பணத்துக்கான தள்ளுபடி விலையையும் கேட்டறியுங்கள். பூச்சிய வட்டி என்பதே இல்லாத ஒன்று என 2013இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. பல வேளைகளில் கைவிட்ட தள்ளுபடியே வட்டியாக ஒளிந்திருக்கும். பழைய கருவி வாங்குவோர், லென்சுக்குள் டார்ச் ஒளி பாய்ச்சிப் பூஞ்சை இழை தெரிகிறதா எனப் பார்த்தல் வேண்டும். டூன் பள்ளத்தாக்கின் மழைக்காலம் எமது பழைய லென்சு ஒன்றை அவ்வாறே தின்றது. குளிரில் பேட்டரி விரைந்து தளரும். உதிரி ஒன்றை உட்பையில், உடற்சூட்டில் வைத்திருப்போம்.

சோனியின் அந்த முதல் பதிப்பைப் பழையதாகவே, முழுத்தொகை செலுத்தி வாங்கினோம். சென்ற டிசம்பரில் அதே வளைவில் குளிர்காலக் கோட்டை எடுத்தோம். பெரிதாக்கியும் வண்ணம் சிதையவில்லை. தாயாரிடம் காட்டினோம். நன்றாயிருக்கிறது என்று கூறிவிட்டு, சுவரில் மாட்டியுள்ள அஞ்சலட்டை அளவுப் படத்தின் தூசியைத் துடைக்கச் சென்றார்.