மொரிஸ் மைனரின் பிறேக் ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது?

பிறேக்கை மிதித்ததும் மொரிஸ் மைனர் இடப்பக்கம் இழுத்தால், பலர் முதலில் கழற்றுவது இடது முன்சில்லைத்தான். பெரும்பாலும் கோளாறு இருப்பது வலது சில்லில். இடது சில்லு ஒழுங்காகப் பிடிக்கிறது, வலது பிடிக்கவில்லை. அதனால் கார் இடப்பக்கம் திரும்புகிறது.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தக் காரின் நான்கு சில்லுகளிலும் ட்ரம் பிறேக்தான். சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புக் கிண்ணம்தான் ட்ரம். அதற்குள் சுழலாமல் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். மிதித்ததும் பிறேக் ஒயில் வீல் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும்; ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் ட்ரம்மின் உட்சுவரில் அழுந்தும்.

இதில் ஓர் அழகு உண்டு. சுழலும் ட்ரம் ஷூவையும் தன்னோடு இழுத்துப் போகப் பார்க்கும். மறுமுனை முட்டி நிற்பதால் ஷூ இன்னும் இறுக்கமாகச் சுவரில் அப்பிக்கொள்ளும். மைனரின் முன்சில்லுகளில் இரண்டு ஷூக்களுக்குமே இந்த உதவி கிடைக்கும்படி ஷூவுக்கு ஒரு சிலிண்டர் வைத்திருக்கிறார்கள். பூஸ்டர் எதுவும் இல்லாமல் வெறும் கால் பலத்திலேயே கார் நிற்பது இதனால்தான். ஏற்றத்தில் பின்னோக்கி வழுகும்போது முன்சில்லுகளுக்கு இந்த உதவி இல்லை. ஓங்கி மிதிக்க வேண்டும்.

பிடியைப் பெருக்கும் அதே குணம் குறையையும் பெருக்கிவிடும். ஒரு பிஸ்டன் துருவேறி இறுகினாலும், லைனிங்கில் கொஞ்சம் கிறீஸ் பட்டாலும் இடம் வலம் சமன் குலைந்துவிடும்.

பெடலையும் கவனியுங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய் இரண்டாம் மிதியில் உயர்ந்து நின்றால், லைனிங் தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது. ஷூவை ஏற்ற வேண்டும். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. அழுத்திப் பிடித்திருக்க மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்கும் கசிவும் இல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. மைனரில் அது சாரதியின் காலடியில், தரைவிரிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கண்ணில் படாததால் ஒயில் மட்டத்தைப் பார்க்க எல்லோரும் மறந்துபோகிறார்கள்.

ட்ரம்மைக் கழற்றியதும் ஊதாதீர்கள். பழைய லைனிங்கின் தூசியில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம்; ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்குரூட்றைவர் நுனியால் சற்றே நெம்பிப் பாருங்கள். வெளியே எல்லாம் உலர்ந்து சுத்தமாகத் தெரிந்த சிலிண்டரில், மூடியின் உதடு விலகியதும் கறுத்த ஒயில் ஒரு சொட்டுத் திரண்டு விரலில் வழிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சொட்டு லைனிங்குக்குப் போகுமுன் பிடிபட்டது பெரிய அதிர்ஷ்டம்.

போர்க்காலத்தில், பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் இத்தகைய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது. பிறேக் ரப்பர் பொறுக்காது; மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துச் சிலிண்டருக்குள் சிக்கிக்கொள்ளும். கையில் இருக்கிறதே என்று அதில் கழுவிவிடாதீர்கள். புதிய பிறேக் ஒயிலே போதும்.

எல்லாம் பூட்டியபின் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, முன்சில்லுகள் இரண்டின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது இன்னும் பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அதன் ஷூ விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது.